கிணறு பாக்க வந்த அம்மா

நெடுந்தீவுக் கிணறுகளின் உப்பை அளக்கும் வேலை பவதாரணிக்கு மிகவும் பிடித்திருந்தது. புளியங்கூடலில் பிறந்து, உவர்த் தண்ணியில் தேத்தண்ணி குடித்து வளர்ந்தவள் அவள். எந்தக் கிணறு ஏன் உவர்க்கிறது என்று கண்டுபிடிப்பதற்குச் சம்பளமும் தந்து, முடிவில் ஒரு முதுமாணிப் பட்டமும் தருவோம் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? காலையில் மீற்றரையும் வாளியையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு டிலக்சனாவுடன் புறப்பட்டுவிடுவாள். டிலக்சனா நெடுந்தீவுப் பிள்ளை, அந்த ஆய்வில் உதவியாளராகச் சேர்ந்தவள். முட்ட வரும் குழுமாட்டுக்கும் பயமில்லை, கடிநாய்க்கும் பயமில்லை. வாய்க்கும் பூட்டில்லை.

பவதாரணிக்கு அந்த வேலையில் பிடிக்காதது ஒன்றுதான். ஆய்வின் தலைவர், கலாநிதி வசீகரன்.

முதல்தரம் காண்கிறவர்களுக்கு வசீகரனை நன்றாகப் பிடித்துவிடும். நல்ல குரல், நல்ல சிரிப்பு, வெளிநாட்டில் படித்த கதைகள். இரண்டாம்தரம் காணும்போதுதான், நாங்கள் தொடங்கிய ஒரு வசனத்தைக்கூட அவர் முடிக்க விடவில்லை என்பது தெரியவரும். “சேர், அந்தக் கிணத்திலை...” என்றால், “தெரியும், தெரியும்” என்பார். என்ன தெரியும் என்று அவருக்கும் தெரியாது, சொல்ல வந்தவருக்கும் மறந்துபோகும்.

அவருடைய கைகளைப் பற்றித் தெரியவருவது அதற்குப் பிறகு. அது பெண்பிள்ளைகளுக்கு மட்டும். படகில் ஏறும்போது போடுகிற உயிர்காப்பு அங்கி, அந்த லைவ் ஜக்கெற்றின் வாரை அவர்தான் கட்டிவிடுவார், அதுவும் ஆறுதலாக. மீற்றரை வாசிப்பதென்றால் மீற்றரைப் பிடித்திருக்கும் கையையும் சேர்த்துப் பிடித்து வாசிப்பார். வேலை முடிந்து அவரவர் அறைக்குப் போனபின் வட்ஸ்அப்பில் “நித்திரையோ பவா?” என்று கேட்பார். பவதாரணியை அவளுடைய தாய்கூட ஒருநாளும் பவா என்று கூப்பிட்டதில்லை.

அவள் தன்னால் இயன்றதைச் செய்து பார்த்தாள். ஒருநாள், நெடுந்தீவில் தாங்கள் தங்கியிருந்த ஆய்வு வீட்டிலிருந்தே லைவ் ஜக்கெற்றைப் போட்டு, வாரை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள். ஓட்டோக்கார எமிலியானுஸ் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு, “பிள்ளை, பயப்பிடாதையும். என்ரை ஓட்டோ இண்டைவரைக்கும் தாழேல்லை,” என்றார். துறையில் நின்ற வசீகரன், “இப்பிடியே கட்டுறது?” என்று எல்லா வாரையும் கழற்றி, முதலில் இருந்து கட்டிவிட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பயிற்சி வந்தது.

ஆய்வுக்குக் காசு தருகிற வெளிநாட்டுக்காரர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். வேலைத்தளத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பது பற்றி எல்லாரும் கணினியில் ஒரு பயிற்சி எடுக்க வேண்டும். எடுத்தால்தான் அடுத்த தவணைக் காசு. வசீகரன் தன் லப்ரொப்பைக் கொண்டுவந்து பவதாரணியின் மடியில் வைத்தார்.

“பவா, இந்தக் கரைச்சலை ஒருக்கா முடிச்சுவிடும்.”

“சேர், இது நீங்கள்தான்...”

“தெரியும், தெரியும். எனக்கெங்கை நேரம்?”

அவள் குசினிக் கதிரையில் இருந்து வசீகரனாகப் பயிற்சி எடுத்தாள். மேலதிகாரி ஒருவர் உதவி செய்வதாகச் சொல்லி ஊழியரைத் தேவையில்லாமல் தொடுகிறார், இது அன்பா, பண்பாடா, துன்புறுத்தலா என்று கணினி கேட்டது. அவள் துன்புறுத்தலை அழுத்தினாள். சரி என்று பச்சை நிறத்தில் ஒரு பூ விரிந்தது. இரவில் தனிப்பட்ட செய்தி அனுப்பலாமா? கூடாது. இன்னொரு பூ. பரிந்துரைக் கடிதத்தைக் காட்டிப் பயப்படுத்தலாமா? கூடாது. பூவுக்கு மேல் பூ. கடைசியில், “வாழ்த்துகள் வசீகரன்! நூற்றுக்கு நூறு! உங்களைப் போன்றவர்களால் ஆய்வுக்களம் பாதுகாப்பாகிறது,” என்று கணினி சொன்னது. அவர் அந்தச் சான்றிதழை அச்செடுத்துச் சட்டம் போட்டு ஆய்வு வீட்டின் விறாந்தைச் சுவரில் கொழுவினார்.

ஆனால் பயிற்சியின் கடைசிப் பக்கத்தில் முறைப்பாடு செய்வதற்கு ஒரு தொலைபேசி இலக்கம் இருந்தது. பவதாரணி அதைத் தன் போனில் ‘மீன்காரர்’ என்ற பெயரில் போட்டு வைத்தாள்.

மீன்காரருக்குப் போன் எடுக்கவேண்டிய நாள் கெதியில் வந்தது. ஆய்வு வீட்டில் அறை இரண்டு. ஒன்றில் அவள், மற்றதில் வசீகரன். ஒரு மாலை அவள் கிணறுகளைப் பார்த்துவிட்டு வந்தபோது அவளுடைய அறை நிறையத் தண்ணிப் போத்தல்கள் அடுக்கியிருந்தன. அவளுடைய பை வசீகரனின் அறைக்குள் இருந்தது.

“மாதிரியளை வைக்க இடமில்லை,” என்றார் வசீகரன். “நாங்கள் விஞ்ஞானியள். எங்களுக்குள்ளை ஆண், பெண் எண்டெல்லாம் பாக்கேலாது. உம்மடை பட்டப் பதிவை நீடிக்கிற கடிதமும் எழுதோணும் என்ன? இருந்து ஆறுதலாக் கதைப்பம்.” சொல்லிக்கொண்டே அவளுடைய தோளில் கையை வைத்தார்.

அவள் கையைத் தட்டிவிட்டாள், பையை எடுத்தாள், செருப்பைக்கூடப் போடாமல் டிலக்சனாவின் வீட்டுக்கு நடந்தாள். டிலக்சனாவின் தாய் வாசலில் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரு பாயை விரித்துவிட்டு மீன் பொரிக்கப் போனார். டிலக்சனாதான், “அந்தாளுக்கு எங்கடை நாம்பன் மாட்டை அவிட்டு விடட்டோ?” என்று கேட்டாள்.

விடிந்ததும் பவதாரணி மீன்காரருக்கு எடுத்தாள்.

தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினாள். பாட்டு வந்தது. பாட்டுக்குப் பிறகு ஓர் ஆண்குரல், “வாகனம் வேணுமெண்டா முதல் நாளே அறிவிக்கோணும்,” என்றது.

“எனக்கு வாகனம் வேண்டாம். நான் ஒரு முறைப்பாடு...”

“வாகனத்தைப் பற்றிய முறைப்பாடோ?”

“இல்லை. ஒரு ஆளைப் பற்றி.”

“சாரதியைப் பற்றியோ?”

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் இப்படியே சுற்றினார்கள். கடைசியில் அந்த மனிதருக்கு விளங்கிவிட்டது. அவர் குரலைத் தாழ்த்தி, “தங்கச்சி, இந்த இலக்கம் முந்தி முறைப்பாட்டுக் குழுவின்ரை. இப்ப எங்கடை வாகனப் பகுதியின்ரை. வையும், நான் அந்த அம்மாட்டைச் சொல்லி எடுக்கச் சொல்லுறன்,” என்றார். சொன்னபடியே செய்தார்.

அந்த அம்மா சறோஜினிதேவி. அரச நிர்வாகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது ஆய்வு நிறுவனத்தின் முறைப்பாட்டுக் குழுத் தலைவி.

“நீர் சொல்லும் பிள்ளை. நான் குறுக்கை பேசமாட்டன்,” என்றார்.

பவதாரணி தொடங்கினாள். பாதி வசனத்தில் தானாகவே நின்றாள். யாராவது “தெரியும், தெரியும்” என்று சொல்வார்கள் என்று காத்திருந்து பழகிவிட்டது. அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

“முடிச்சிட்டீரோ?” என்றார் சறோஜினிதேவி.

“இல்லை மேடம்.”

“அப்ப முடியும்.”

அவள் முடித்தாள். முழுவதையும் சொன்னாள். சறோஜினிதேவி, “நீர் யாழ்ப்பாணம் வரவேண்டாம். லீவு கேட்டால் அவர் ஏனெண்டு கேப்பார். நானே வாறன், அந்த வீட்டையும் பாக்கோணும். முதல் உம்மட்டை விபரம் எடுத்துப்போட்டுத்தான் அவருக்கு நோட்டீஸ் அனுப்பலாம். அதுவரைக்கும் இது பரம இரகசியம். ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது,” என்றார்.

நெடுந்தீவில் இரகசியம் காப்பது பற்றி அவருக்கு அனுபவமில்லை.

குறிகாட்டுவான் துறையில் படகு ஏறியதிலிருந்து சறோஜினிதேவிக்குத் தலைசுற்றும் வாந்தியும். நெடுந்தீவில் இறங்கி ஓட்டோவில் ஏறியபோது எமிலியானுஸ், “அம்மா ஆற்றை வீட்டுக்கு?” என்று கேட்டார். தலைசுற்றிலும் அவர் இரகசியத்தை மறக்கவில்லை. வாயில் வந்த பொய்யைச் சொன்னார்.

“நான் கிணறு பாக்க வந்தனான்.”

வேறு எந்தப் பொய்யைச் சொல்லியிருந்தாலும் பிழைத்திருப்பார். நல்ல தண்ணிக்குத் தவிக்கிற தீவில், படகால் இறங்கிய அரசாங்க முகமுள்ள ஓர் அம்மா கிணறு பாக்க வந்திருக்கிறா என்றால் சும்மா விடுவார்களா? எமிலியானுஸ் போனை எடுத்தார். ஓட்டோ முதல் வளைவைத் தாண்டும்போது மதிலோரத்தில் ஆட்கள் நின்றார்கள். ஒருவர் போத்தலில் தண்ணி கொண்டுவந்து, “ஒருக்காக் குடிச்சுப் பாருங்கோ அம்மா, கடல் இதைவிட நல்லம்,” என்றார். மறுத்தால் பொய் வெளிப்பட்டுவிடும் என்று சறோஜினிதேவி குடித்தார். அடுத்த படலையில் இன்னொரு போத்தல். அதையும் குடித்தார்.

செய்தி வசீகரனுக்கும் போனது. அவருக்கு அது காதில் பால் வார்த்ததுபோல் இருந்தது. ஆழ்துளைக் கிணறு ஒன்று அடிக்க அனுமதி கேட்டு மாதக்கணக்காக எழுதிக்கொண்டிருந்தார், பதில் இல்லை. இப்போது ஆளே வந்து இறங்கியிருக்கிறா! மோட்டார் சைக்கிளில் பறந்து வந்து ஓட்டோவை மறித்தார்.

“மேடம், கிணறு விசயமா வந்த நீங்கள் என்னட்டை வராமல் போறதோ? நான்தான் கலாநிதி வசீகரன்!”

சறோஜினிதேவி அதிர்ந்துபோனார். “தம்பி, நான் உம்மளைப் பாக்க வரேல்லை. நான் வந்தது...”

“தெரியும், தெரியும்,” என்றார் வசீகரன். “வாங்கோ, முதல் ஒரு தேத்தண்ணி.”

ஆய்வு வீட்டு விறாந்தையில், இரவுக்கு டிலக்சனாவின் வீட்டில் தங்கி வேலைக்கு மட்டும் அங்கே வரும் பவதாரணியும், டிலக்சனாவும் போத்தல்களுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். விசாரணை செய்ய வந்தவரை, விசாரிக்கப்பட வேண்டியவர் கையைக் காட்டி உள்ளே அழைத்து வருவதைப் பார்த்துப் பவதாரணி கையிலிருந்த பெயரைப் பிழையான போத்தலில் ஒட்டினாள். டிலக்சனா வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள்.

“பவா, மேடத்துக்குத் தேத்தண்ணி! நல்ல தண்ணியிலை!” என்றார் வசீகரன்.

சறோஜினிதேவி கதிரையின் நுனியில் இருந்தார். நேர்மையான மனுசி அவர். நோட்டீஸ் அனுப்பாமல் இந்த மனிதரோடு ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது, பேச விடவும் கூடாது. ஆனால் வசீகரனைப் பேசவிடாமல் செய்ய இதுவரை யாராலும் முடிந்ததில்லை.

“எங்கடை ஆய்வு பாதுகாப்பான ஆய்வு மேடம். அங்கை பாருங்கோ, நூற்றுக்கு நூறு,” என்று சுவரில் கொழுவியிருந்ததைக் காட்டினார். “பெண்பிள்ளையளை நான் கண்ணும் கருத்துமாப் பாக்கிறனான்.”

“தம்பி, உம்மடை பிள்ளையளைப் பற்றி நீர் எனக்குச் சொல்லவேண்டாம்.”

“நீங்கள் தன்மையாச் சொல்லுறியள் மேடம். ஆனால் சொல்லத்தான் வேணும். லைவ் ஜக்கெற்கூட நான்தான் கட்டிவிடுறனான். இவையளை விட்டால் பிழையாக் கட்டுவினம்.”

“நிப்பாட்டும். நான் இதைக் கேக்கக்கூடாது.”

“நானும் அதைத்தான் சொல்லுறன், ஆரும் கேக்கிறேல்லை! எவ்வளவு செய்தும் நன்றியில்லை. ஒரே அறையிலை இருந்து வேலையை முடிப்பம் எண்டால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுதுகள். இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு விஞ்ஞான மனப்பான்மை இல்லை மேடம்.”

சறோஜினிதேவி இரண்டு கையாலும் காதைப் பொத்தினார். வசீகரன் அதைப் பார்த்து, “படகுச் சத்தம் இன்னும் காதுக்குள்ளை நிக்குதோ? எனக்கும் முதல் அப்பிடித்தான்,” என்றார்.

தேத்தண்ணி வந்தது. சறோஜினிதேவி கொதிக்கக் கொதிக்க ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழும்பினார். “நான் கிணறுகளைப் பாக்கோணும். இப்பவே.”

“நல்லது. எனக்கொரு மீற்றிங் இருக்கு, கணினியிலை. பவா, நீர் மேடத்தோடை போம். எல்லாத்தையும் வடிவாக் காட்டும்,” என்றார் வசீகரன். பிறகு விரலை நீட்டி, கண்டிப்பாகச் சொன்னார். “மேடம் என்ன கேட்டாலும் ஒண்டையும் ஒளிக்காமல் பதில் சொல்லோணும். விளங்குதோ?”

“விளங்குது சேர்,” என்றாள் பவதாரணி.

தீவின் மேற்குப் பக்கத்தில், வெட்டைவெளிக்கு நடுவில் ஒரு கிணறு இருந்தது. சுற்றிவரக் கல்லடுக்கி எழுப்பிய தாழ்ந்த வேலி. எமிலியானுஸின் ஓட்டோவை ஒழுங்கையிலேயே நிறுத்திவிட்டு, டிலக்சனாவை அவருக்குக் காவலாக விட்டுவிட்டு, இரண்டு பேரும் கிணற்றுக் கட்டுக்கு வந்தார்கள்.

“இப்ப சொல்லும்,” என்றார் சறோஜினிதேவி.

“அண்டைக்கு நான் மீற்றரை வைச்சுக்கொண்டு நிக்கேக்கை அவர் பின்னாலை வந்து...”

வேலிக்கு மேலால் ஒரு தலை நீண்டது. மாட்டைச் சாய்த்து ஓட்டிக்கொண்டு வந்த ஊர்க்காரர் இலட்சுமணன்.

“...மேல்தண்ணி பரவாயில்லை, கீழை போகப் போகத்தான் மோசம்,” என்றாள் பவதாரணி.

சறோஜினிதேவி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். “எவ்வளவு காலமா இப்பிடி?”

“நான் வேலைக்கு வந்த நாளிலையிருந்து.”

“தடுக்கிறதுக்கு ஏதும் செய்து பாத்தனீரோ?”

“விலத்தி விலத்திப் போய்ப் பாத்தனான் மேடம். சரிவரேல்லை.”

“இந்த ஒரு இடத்திலை மட்டுமோ? வேறை இடங்களிலையும் உண்டோ?”

“எனக்கு முன்னம் வேலை செய்த ரெண்டு அக்காமாரும் இதைத்தான் சொன்னவை. அவை விட்டிட்டுப் போயிட்டினம்.”

இலட்சுமணன் மிகுந்த அக்கறையுடன் கேட்டுக்கொண்டிருந்தார். “அம்மா, விலத்தி வெட்டிப் பிரியோசனமில்லை. இதை அடியோடை இறைச்சாத்தான் சரி,” என்று சொல்லிவிட்டு மாட்டின் பின்னால் போனார்.

அவர் போனதும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சறோஜினிதேவிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பவதாரணியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டு இருந்தவள் அப்படியே அழத் தொடங்கினாள். சறோஜினிதேவி அவளுடைய தோளைத் தொடவில்லை. பக்கத்தில், கிணற்றுக் கட்டில், அவள் அழுது முடிக்கும்வரை இருந்தார்.

“உமக்கு என்ன வேணும் பிள்ளை?” என்று பிறகு கேட்டார். “அவரை என்ன செய்யிறது எண்டதைக் குழு பாக்கும். உமக்கு என்ன வேணும்?”

பவதாரணி மூக்கைத் துடைத்தாள். “எனக்கு இந்த வேலை வேணும் மேடம். மழைக்கு முன்னம் ஒருக்கா, பின்னம் ஒருக்கா அளந்தாத்தான் என்ரை ஆய்வு முடியும். நான் விட்டிட்டுப் போகமாட்டன். அவர் கிட்ட வராமல் நான் என்ரை பாட்டிலை உப்பு அளக்கோணும். அவ்வளவுதான்.”

அதற்குப் பிறகு அவள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னாள். போனில் இருந்த செய்திகளைக் காட்டினாள். சான்றிதழின் கதையையும் சொன்னாள். டிலக்சனா வந்து தான் கண்டதைச் சொன்னாள், நாம்பனைப் பற்றிய தன் யோசனையையும் சொன்னாள். சறோஜினிதேவி அந்த யோசனையை மட்டும் எழுதவில்லை.

பின்னேரப் படகுக்கு வசீகரன் வழியனுப்ப வந்துவிட்டார். துறையில் பத்துப் பதினைந்து பேர் போத்தல்களோடு நின்றார்கள். சறோஜினிதேவி லைவ் ஜக்கெற்றைப் போட்டு வாரைக் கையில் எடுத்ததுதான் தாமதம், வசீகரன் குனிந்து அவருடைய இடுப்புப் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

“விடும். எனக்குக் கட்டத் தெரியும்.”

“இல்லை மேடம், நீங்கள் பிழையாக்...”

“கையை எடும்!”

மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் ஒரு காலம் முழுக் கட்டடத்தையும் அதட்டிய குரல் அது. படகின் இயந்திரத்தை இயக்கப் போனவர்கூட, தன்னைத்தான் சொல்கிறா என்று நினைத்துக் கையை எடுத்துவிட்டார்.

சறோஜினிதேவி வாரைத் தானே கட்டினார். “தம்பி, இப்ப நான் உம்மோடை ஒண்டும் கதைக்கேலாது. வாற கிழமை உமக்கு ஒரு நோட்டீஸ் வரும். அதை வடிவா வாசியும்.”

வசீகரனின் முகம் மலர்ந்தது. அனுமதி! “பெரிய உபகாரம் மேடம்!” என்று கைகூப்பினார். படகு கண்ணுக்கு மறையும்வரை நின்று கை காட்டினார். திரும்பும் வழியில் வடையும் வாங்கி எல்லாருக்கும் கொடுத்தார். டிலக்சனா இரண்டு எடுத்தாள்.

நோட்டீஸ் வந்த அன்று அவர் அதை மூன்று தரம் வாசித்ததாக டிலக்சனா சொன்னாள். முதல்தரம் ஆழ்துளைக் கிணற்றைத் தேடினாராம். இரண்டாம்தரம் கையெழுத்தைப் பார்த்தாராம். மூன்றாம்தரம் கதிரையில் இருந்துவிட்டாராம்.

அதற்குப் பிறகுதான் கஷ்டமான கிழமைகள். பணிப்பாளர் சிவகுரு பவதாரணியை யாழ்ப்பாணத்துக்குக் கூப்பிட்டு, முன்னால் இருத்தி, மேசையில் இருந்த பேனையைத் திருப்பித் திருப்பி வைத்தார். அவர் கெட்டவரில்லை. சத்தம் வராமல் எல்லாம் முடிந்தால் போதும் என்று நினைக்கிறவர்.

“பிள்ளை, இதைக் கதைச்சு முடிப்பம். உம்மை நயினாதீவுக்கு மாத்திவிடுறன். அங்கையும் கிணறு இருக்குத்தானே?”

“நான் ஏன் சேர் போகோணும்? பிழை செய்தது நானோ?”

“இல்லை, இல்லை. உம்மடை நன்மைக்குத்தான்...”

“அப்ப அவரை நயினாதீவுக்கு அனுப்புங்கோ.”

“ஐயோ, அங்கையும் பெண்பிள்ளையள் வேலை செய்யினம்,” என்றார் சிவகுரு அவசரமாக. சொன்னபிறகுதான் தான் என்ன சொன்னார் என்று அவருக்கே விளங்கியது. பேனையைக் கீழே வைத்தார். அன்றே, விசாரணை முடியும்வரை வசீகரன் நெடுந்தீவுக்குப் போகக்கூடாது என்று கடிதம் எழுதினார்.

புளியங்கூடலில் தாய் இரண்டு நாள் பேசவில்லை. ஊர் என்ன சொல்லும், நாளைக்கு ஒரு சம்பந்தம் வந்தால் என்ன சொல்வது என்பதெல்லாம் அந்த மௌனத்துக்குள் இருந்தது. மூன்றாம் நாள் இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தவர் திரும்பாமலே கேட்டார்.

“அந்த மனுசி உனக்காக இந்தக் கடல் கடந்து வந்தவாவோ?”

“ஓம் அம்மா. வழிமுழுக்கச் சத்தியும் எடுத்தவா.”

தாய் இடியப்பத் தட்டை இறக்கி வைத்தார். “நல்ல மனுசி. அவாக்குக் கலியாணம் கட்டாத பெடியன் ஆரும் இருக்கோ?”

பவதாரணி சிரித்த சிரிப்பில் சட்டியில் இருந்த சம்பலைத் தட்டிவிட்டாள். விசாரணைக்குத் தாயும் வந்தார். வெளியே போட்டிருந்த வாங்கில், குடையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, முடியும்வரை இருந்தார்.

குழுவில் சறோஜினிதேவியோடு ஒரு சட்டத்தரணியும் ஒரு மருத்துவரும் இருந்தார்கள். தொடக்கத்திலேயே சறோஜினிதேவி எழும்பி ஒரு விடயம் சொன்னார். “நான் ஆர் எண்டு தெரியாமல் இவர் என்னோடை நெடுந்தீவிலை சில கதையள் கதைச்சவர். அது இவருக்கு நியாயமில்லை. அதைக் குழு கணக்கிலை எடுக்கக்கூடாது. இண்டைக்கு நான் தலைமை தாங்கவுமில்லை.” அப்படிச் சொல்லிவிட்டுத் தலைமைக் கதிரையைச் சட்டத்தரணிக்கு விட்டுக்கொடுத்து, ஓரக் கதிரையில் போய் இருந்தார்.

பவதாரணி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எல்லாம் போய்விட்டதோ? ஆனால் அவள் பயந்ததற்கு அவசியம் இருக்கவில்லை. முன்னம் வேலையை விட்டுப் போன அக்காமார் இரண்டு பேரும் வந்து தங்களுக்கு நடந்ததைச் சொன்னார்கள். போனில் இருந்த செய்திகள் வாசிக்கப்பட்டன. பிறகு வசீகரனின் முறை வந்தது.

“இதிலை ஒளிக்க என்ன இருக்கு?” என்றார் அவர். யாரும் கேட்காமலே தொடங்கினார். லைவ் ஜக்கெற்றைக் கட்டிவிட்டதை, ஒரே அறையை ஒழுங்கு செய்ததை, இரவில் செய்தி அனுப்பியதை, நெடுந்தீவில் சொன்ன எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல், எதிரில் இருப்பவர்கள் யார் என்று நன்றாகத் தெரிந்துகொண்டே, இன்னொருதரம் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எல்லாரையும் திகைக்க வைத்தது. அதில் பிழை ஏதும் உண்டு என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

“இதெல்லாம் கூடாது எண்டு உங்களுக்குப் பயிற்சி தரேல்லையோ?” என்று சட்டத்தரணி கேட்டார்.

“தந்தவை. நூற்றுக்கு நூறு,” என்றார் வசீகரன்.

“அது நான் செய்தது,” என்றாள் பவதாரணி. “அவர்தான் செய்யச் சொன்னவர். நான் மறுத்திருக்கோணும். எனக்கு மறுக்கத் துணிவு வரேல்லை.”

சட்டத்தரணி தலையில் கை வைத்தார். “பணிப்பாளர் அவர்களே, இந்த நிறுவனத்திலை இந்தப் பயிற்சியை உண்மையா எடுத்தவை எத்தினை பேர்?”

சிவகுருவுக்கு இருமல் வந்தது. அவருக்குரிய பயிற்சியை அவருடைய தட்டெழுத்தாளர் எடுத்திருந்தார். தண்ணி குடித்தும் இருமல் நிற்கவில்லை.

முடிவு வர இரண்டு மாதம் ஆனது. வசீகரன் ஆய்வின் தலைமையில் இருந்து நீக்கப்பட்டார். இனி மாணவர் யாரையும் அவர் மேற்பார்வை செய்ய முடியாது, சம்பள உயர்வும் இல்லை. ஆளை வீட்டுக்கே அனுப்பியிருக்க வேண்டும் என்று டிலக்சனா சொன்னாள். அநியாயமாக ஒரு நல்ல மனிதரைக் கெடுத்துப்போட்டாள் என்று அலுவலகத்தில் சிலர் சொன்னார்கள். பவதாரணி இரண்டையும் கேட்டுக்கொண்டாள். எழுந்து போய்ப் பதில் சொல்லவேண்டும் என்று ஒரு காலமும் இல்லாத ஆசை சிலவேளை வந்தது. சிலவேளை போய்ச் சொல்லியும்விட்டாள். இனிக் களத்துக்குப் போகிறவர்களுக்கு ஆளுக்கொரு அறை என்றும், பூட்டும் திறப்பும் அவரவர் கையில் என்றும் நிறுவனம் சுற்றறிக்கை விட்டது. பயிற்சியைக் கணினியில் அல்ல, எல்லாரும் ஒன்றாக இருந்து எடுக்க வேண்டும் என்றும் வந்தது. அதற்குச் சிவகுரு முன்வரிசையில் இருந்தார். தட்டெழுத்தாளர் தனக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும் என்று பின்வரிசையில் இருந்தார்.

மழைக்கு முன்னரான அளவெடுப்புக்குப் புதிய தலைவராகக் கலாநிதி கிருசாந்தி நெடுந்தீவுக்கு வந்தார். மெலிந்த, சிரிக்காத பெண். படகால் இறங்கியதும் நேரே கிணற்றுக்குத்தான் போனார். பவதாரணி மீற்றரை இறக்கி வாசித்து இலக்கத்தைச் சொன்னாள்.

“எந்த ஆழத்திலை எடுத்தனீர்?” என்றார் கிருசாந்தி.

“நடுவிலை மேடம்.”

“நடுவெண்டால் எங்கை? கயிற்றிலை அடையாளம் எங்கை? மேல்தண்ணி, கீழ்த்தண்ணி பிரிக்காமல் எடுத்தால் இது என்ன அளவு? சர்பத்தோ? மீற்றரைக் காலமை சரிபாத்தனீரோ? இல்லையோ? பேந்தென்ன வேலை செய்தனீர்? முழுக்கத் திருப்பி எடும்!”

ஏசிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கிணற்றுக்கு நடந்தார். டிலக்சனா பவதாரணியைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள், காதுவரை சிரிப்பு.

“அக்கா, உங்களுக்கு என்ன பேய் பிடிச்சது? இந்த ஏச்சு வாங்கிப்போட்டுச் சிரிக்கிறியள்?”

“அவா ஏசினது சரிதானே? நான் அடையாளம் போடேல்லைத்தானே?” என்றாள் பவதாரணி. “உப்புக்கு மட்டும் ஏச்சு வாங்கி எவ்வளவு காலமாச்சு!”

“எனக்கெண்டால் ஒண்டும் விளங்கேல்லை,” என்றாள் டிலக்சனா. “அவா நாளைக்கும் இப்பிடி ஏசினால் நான் நிக்கமாட்டன்.”

“நாளைக்கு மீற்றரைச் சரிபாத்துக்கொண்டு வருவம். அந்தக் கயிற்றைப் பிடியும்.”

தூரத்தில் இருந்து கிருசாந்தி கூப்பிடுவது கேட்டது. குரலில் இன்னும் கோபம் இருந்தது. பவதாரணி, “இதோ மேடம், இன்னும் முடியேல்லை!” என்று பலத்துக் கத்திவிட்டு, மீற்றரைத் தண்ணிக்குள் மெதுவாக இறக்கினாள்.